குலைக் கணக்கைக் காதால் படிக்கும் உறுப்பினருக்கு அட்டவணை அமைப்பது எப்படி?

கடிதத்தின் சுருக்கம்

பேராக் மாநிலம், சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டப்புற ஊர் ஒன்றிலிருந்து 34 வயது வாசகி எழுதியிருக்கிறார். செம்பனைச் சிறுதோட்டக்காரர்களின் கூட்டுறவுக் கழகத்தில் கிராணி வேலை பார்க்கிறார். உறுப்பினர்கள் ஆலைக்கு அனுப்பிய குலையின் எடை, விலை, லாரிக் கூலி, உரக்கடன் பிடித்தம், கைக்கு வரும் தொகை எல்லாவற்றையும் மாதாமாதம் எக்செலில் தயாரித்து, கழகத்தின் வேர்ட்பிரஸ் தளத்தில் அட்டவணையாகப் போடுவது அவர் பொறுப்பு.

உறுப்பினர்களில் ஒருவருக்கு 58 வயது. சர்க்கரை நோயால் பார்வை போய்விட்டது. ஊர் முறைக்கு வாசகி அவரை மாமா என்று கூப்பிடுகிறார். திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளைத் திரைவாசிப்பான் என்பார்கள். அவர் மடிக்கணினியில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானையும் கைப்பேசியில் அதே வேலையைச் செய்யும் டாக்பேக்கையும் பயன்படுத்துகிறார். “ஏம்மா, நம்பரா கொட்டுது. எது யாரோடதுன்னு பிடிபட மாட்டேங்குது” என்று அவர் சொன்னதிலிருந்து வாசகிக்கு நிம்மதி இல்லை. அட்டவணையைப் படமாக எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டார். மாமாவுக்கு ‘படம்’ என்ற ஒரு சொல் மட்டுமே கேட்டது. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினார், அதுவும் உதவவில்லை. இப்போது அட்டவணையே வேண்டாம், எல்லாவற்றையும் வாக்கியமாக எழுதிவிடலாமா என்று யோசிக்கிறார்.

“ஒருத்தருக்காக எதுக்கு இவ்வளவு? போன் போட்டுப் படிச்சுக் காட்டினா போதும்” என்கிறார் பொருளாளர். ஒரு விற்பனையாளரோ, தளத்தில் தங்கள் பொத்தான் ஒன்றைச் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். சட்டப்படி நமக்குக் கடமை உண்டா, எந்த வழியில் போவது என்பது வாசகியின் கேள்வி. ஜூன் மாதப் பக்கத்தின் பிரதியையும் இணைத்திருக்கிறார்.

பதில்

அன்புச் சகோதரி,

அட்டவணையைக் கைவிட வேண்டாம். அறுபது உறுப்பினரின் கணக்கை வாக்கியமாக எழுதினால் மாமாவின் நிலை இன்னும் மோசமாகும். தன் வரியைத் தேடி அவர் அறுபது பத்தியையும் கேட்க வேண்டிவரும். ஒழுங்காகக் கட்டிய அட்டவணையில் அவர் தன் வரிக்கு நேராக இறங்கலாம், அங்கிருந்து பக்கவாட்டில் நகரலாம், போன மாத எடையோடு இந்த மாத எடையை ஒப்பிடலாம். பார்வை உள்ளவர் கண்ணை ஓட்டிச் செய்வதை அவர் விசைகளால் செய்வார். ஆனால் உங்கள் ஜூன் பக்கத்தில் அவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது.

போனில் படித்துக் காட்டுவதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லை. மாமா கேட்டால் அதையும் செய்யுங்கள். ஆனால் அது அட்டவணைக்கு ஈடாகாது. கேட்டது மறந்துபோனால் அவர் மறுபடி உங்களைத்தான் கூப்பிட வேண்டும். எடையில் சந்தேகம் வந்தால், அந்தக் கணக்கைத் தயாரித்தவரையே மறுபடி படிக்கச் சொல்ல வேண்டிய நிலை. மற்ற உறுப்பினர்கள் இரவு பத்து மணிக்கும் தங்கள் கணக்கைத் தாங்களே சரிபார்க்கிறார்கள். மாமாவும் பங்கு வாங்கிய உறுப்பினர்தானே!

சட்டம் என்ன சொல்கிறது

மலேசியாவின் 2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம், அதாவது சட்டம் 685, தன் 30ஆம் பிரிவில் தகவல், தொடர்பு, தொழில்நுட்பம் ஆகியவற்றை மற்றவர்களுக்குச் சமமாகப் பெறும் உரிமையை மாற்றுத்திறனாளிகளுக்குத் தருகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி மலேசியா 2010இல் ஏற்றுக்கொண்ட ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 21ஆம் பிரிவு, பொதுமக்களுக்கான தகவலை அவர்களுக்கு ஏற்ற வடிவத்தில், காலத்தோடு, கூடுதல் செலவில்லாமல் தரச் சொல்கிறது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சட்டம் 685இல் மீறுவோருக்குத் தண்டனைப் பிரிவு கிடையாது. ஆகவே ‘அபராதம் வரும்’ என்று செயலவையைப் பயமுறுத்தாதீர்கள். அது உண்மையும் இல்லை. தண்டனை இல்லாததால் உரிமை இல்லை என்று பொருளாளர் வாதிட்டால் அதையும் ஏற்க வேண்டாம். செயலவையிடம் இரண்டையும் உள்ளபடி வைத்து, இது ஒரு வார வேலை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பணம் கேட்காத திருத்தம் என்று தெரிந்தால் மறுப்பு தானாகக் குறையும்.

தொழில்நுட்ப அளவுகோல் எது என்று யாராவது கேட்டால், இணைய உள்ளடக்க அணுகல் வழிகாட்டியைச் சொல்லுங்கள். இப்போதைய 2.2 பதிப்பு அக்டோபர் 2023இல் வந்தது. அதில் 1.3.1 என்ற விதி, கண்ணுக்குத் தெரியும் உறவுகள் பக்கத்தின் அமைப்பிலும் இருக்க வேண்டும் என்கிறது. அது அடிப்படை நிலையான ‘ஏ’ நிலை விதி. எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்பதுதான் உங்கள் பக்கத்தில் விடுபட்ட உறவு.

விற்பனையாளரின் பொத்தானுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மாமாவிடம் ஏற்கெனவே திரைவாசிப்பான் இருக்கிறது. அவருக்கு இன்னொரு குரல் தேவையில்லை. எந்தக் கட்டம் தலைப்பு, எது கணக்கு என்பதைப் பக்கத்தை எழுதியவர் குறிக்காவிட்டால், மேலே ஒட்டும் பொத்தான் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தவறினால் ஒருவர் தொகை இன்னொருவர் பெயரில் கேட்கும். செயற்கை நுண்ணறிவால் எந்தத் தளத்தையும் அந்த வழிகாட்டிக்கு இணங்கவைக்கும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 1 மில்லியன் டாலர் கட்ட வேண்டும் என்று 2025இல் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம் உத்தரவிட்டது.

ஜூன் பக்கத்தில் எங்கே கோளாறு

திரைவாசிப்பான் திரையைப் பார்ப்பதில்லை. உலாவி தரும் அமைப்பைத்தான் படிக்கிறது. நீங்கள் முதல் வரிசையைத் தடித்த எழுத்தாக்கிப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறீர்கள். நம் கண்ணுக்கு அது தலைப்பு. உள்ளே, பக்கத்தைக் கட்டும் எச்டிஎம்எல் குறிமொழியில் பார்த்தால், அதுவும் மற்றக் கட்டங்களைப் போல ‘டிடி’ (td) என்ற சாதாரணக் குறிக்குள்தான் இருக்கிறது. தலைப்புக் கட்டத்துக்கு உரிய குறி ‘டிஎச்’ (th).

இதன் விளைவு இப்படி இருக்கும். மாமா எடை நெடுவரிசையில் கீழே இறங்கிவருகிறார். அவர் காதில் விழுவது: “வரிசை 28, 1.84. வரிசை 29, 2.10. வரிசை 30, 0.96.” யாருடைய 1.84 என்று அறிய அவர் இடப்பக்கம் ஓடிப் பெயரைக் கேட்டுவிட்டு மறுபடி வலப்பக்கம் வர வேண்டும். வந்து சேர்வதற்குள் எத்தனையாவது நெடுவரிசை என்பது மறந்துவிடும். ‘நம்பரா கொட்டுது’ என்று அவர் சொன்னது இதைத்தான்.

தலைப்புகளைக் குறித்துவிட்டால் என்விடிஏ அவற்றைத் தானாகச் சேர்த்துச் சொல்லும். கீழே இறங்கும்போது ஒவ்வொரு வரிசையின் தலைப்பையும், பக்கவாட்டில் நகரும்போது ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பையும் சொல்லும். மாறியதை மட்டுமே சொல்லும் என்பதைக் கவனியுங்கள். அதனால்தான் நெடுவரிசைத் தலைப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு கிடைவரிசைக்கும் ஒரு தலைப்பு வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

வேறு மூன்று கோளாறுகளும் கண்ணில் பட்டன. ‘ஜூன் மாதக் குலைக் கணக்கு’ என்ற பெயரை எல்லா நெடுவரிசையையும் இணைத்த முதல் வரிசையாகப் போட்டிருக்கிறீர்கள். அதைத் தலைப்பாகக் குறித்தால் ஒவ்வொரு எண்ணுக்கு முன்னும் அது ஒலிக்கக்கூடும். ‘மாத முற்பாதி’, ‘மாதப் பிற்பாதி’ என்று இணைத்த கட்டங்களின் கீழே எடை, விலை என்ற தலைப்புகள் இரண்டு முறை வருகின்றன. கேட்பவருக்கு எந்தப் பாதியின் எடை என்று தெரியாது. மூன்றாவதாக, நடுநடுவே ‘ஏ பிரிவு’, ‘பி பிரிவு’ என்று குறுக்கே ஓடும் வரிசைகள்.

திருத்தும் முறை

ஏ பிரிவுக்கு ஓர் அட்டவணை, பி பிரிவுக்கு ஓர் அட்டவணை என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொன்றுக்கும் மேலே வேர்ட்பிரஸின் தலைப்பு வடிவில் பிரிவின் பெயர் வரட்டும். மாமா ‘எச்’ விசையைத் தட்டித் தன் பிரிவுக்குப் போய்விடுவார்.

இரண்டு அடுக்குத் தலைப்பை ஓர் அடுக்காக்குங்கள்: ‘முற்பாதி எடை, டன்’, ‘முற்பாதி விலை, ரிங்கிட்’, ‘பிற்பாதி எடை, டன்’ என்று. அடுக்குத் தலைப்புகளைக் கட்டத்துக்குக் கட்டம் அடையாள எண் கொடுத்து இணைக்கவும் வழி உண்டு. ஆனால் கையால் பராமரிக்கும் மாதாந்திர அட்டவணைக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. நடுவில் ஒரு புதிய உறுப்பினரைச் சேர்த்த மாதமே இணைப்புகள் குழம்பிவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

வேர்ட்பிரஸின் அட்டவணைப் பெட்டியில், வலப்பக்க அமைப்புகளில் தலைப்புப் பகுதியைச் சேர்க்கும் பொத்தான் இருக்கிறது. அதை இயக்கினால் மேலே ‘டிஎச்’ குறியோடு ஒரு புதிய வெற்று வரிசை வரும். தலைப்புகளை அதில் எழுதிவிட்டுப் பழைய தலைப்பு வரிசையை நீக்குங்கள்; பாதி வேலை முடிந்தது. கிடைவரிசைத் தலைப்புக்கு அந்தப் பெட்டியில் வசதி இல்லை. அதற்கு இப்படிச் செய்யுங்கள்:

1. பெட்டியின் மூன்று புள்ளி மெனுவில் எச்டிஎம்எல்லாகத் திருத்தும் வழியைத் தேர்ந்து, முழு அட்டவணையையும் நகலெடுங்கள்.
2. ‘கஸ்டம் எச்டிஎம்எல்’ என்ற பெட்டியைச் சேர்த்து அதில் ஒட்டுங்கள். பழைய பெட்டியை நீக்கிவிடுங்கள்.
3. ஒவ்வொரு வரிசையிலும் முதல் ‘டிடி’யைத் திறக்கும் குறியிலும் மூடும் குறியிலும் ‘டிஎச்’ ஆக்குங்கள். திறக்கும் குறியில் ‘ஸ்கோப்’ (scope) என்ற பண்புக்கு ‘ரோ’ (row) என்ற மதிப்பைக் கொடுங்கள். மேல்வரிசைத் தலைப்புகளுக்கு அதே பண்பு, மதிப்பு மட்டும் ‘கோல்’ (col).
4. ‘டேபிள்’ என்ற திறக்கும் குறிக்கு அடுத்து ‘கேப்ஷன்’ குறிக்குள் அட்டவணையின் பெயரை எழுதுங்கள். வேர்ட்பிரஸ் பெட்டியில் கீழே எழுதும் விளக்கம் அட்டவணைக்கு வெளியே நிற்கும் படவிளக்கமாகத்தான் பதிவாகிறது. அதை நம்ப வேண்டாம்.

அறுபது வரியையும் மாதாமாதம் கையால் மாற்றச் சொல்லவில்லை. எக்செலில் ஓரமாக ஒரு நெடுவரிசை வைத்து, ‘&’ குறியால் இந்தக் குறிகளையும் கட்டங்களையும் சேர்க்கும் ஃபார்முலா ஒன்றை எழுதி இழுத்துவிடுங்கள். அடுத்த மாதம் எண்கள் மாறினால் போதும், குறிகள் தானாக வந்துவிடும். இதில் ஒரு சறுக்கல் உண்டு: கட்டத்தை அப்படியே சேர்த்தால் 1,184.00 என்பது 1184 ஆகிவிடும். ‘டெக்ஸ்ட்’ ஃபங்ஷனுக்குள் இரண்டு தசம வடிவத்தைக் கொடுத்துச் சேருங்கள்.

கிடைவரிசைத் தலைப்பாக எதை வைப்பது என்பதில் கவனம் தேவை. ஒரே பிரிவில் இரண்டு முனியம்மாக்கள் இருந்தால் பெயர் உதவாது. உறுப்பினர் எண் குறுகியது, திரும்ப வராதது. அதையே முதல் நெடுவரிசையாக வைத்துத் தலைப்பாக்குங்கள். கடைசி வரிசையில் ‘மொத்தம்’ என்ற சொல்லும் தலைப்புதான். உறுப்பினர் எண்ணுக்கு முன்னால் இருக்கும் ‘பில்’ என்ற வரிசை எண் நெடுவரிசையை எடுத்துவிடலாம். திரைவாசிப்பான் வரிசை எண்ணைத் தானே சொல்கிறது. இரண்டு எண் கேட்டால் குழப்பம்.

கட்டத்துக்குள் எழுதுவது

நான் அதிகம் கவலைப்படுவது அடைப்புக்குறியைப் பற்றி. கணக்கு வழக்கப்படி பிடித்தத்தை (150.00) என்று எழுதியிருக்கிறீர்கள். என்விடிஏயின் வழக்கமான நிறுத்தக்குறி அமைப்பில் அடைப்புக்குறி ஒலிக்காது. மாமாவுக்குக் கேட்பது வெறும் 150. பிடித்த பணம் வந்த பணமாகத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். நெடுவரிசைத் தலைப்பிலேயே ‘உரக்கடன் பிடித்தம், ரிங்கிட்’ என்று எழுதிவிட்டு உள்ளே 150.00 என்று மட்டும் போடுங்கள்.

ஓர் உதாரண வரியைக் கேட்பவர் நிலையிலிருந்து பாருங்கள். உறுப்பினர் எண் 27. எடை 1.84 டன், விலை டன்னுக்கு 760.00, மொத்தம் 1,398.40, லாரிக் கூலி 64.40, உரக்கடன் பிடித்தம் 150.00, கைக்கு 1,184.00. தலைப்போடு சேர்த்துக் கேட்டால் மாமா மனக்கணக்காகவே சரிபார்த்துவிடுவார். அலகு தலைப்பில் இருப்பதால் ஒவ்வொரு கட்டத்திலும் ‘ஆர்எம்’ என்று கேட்க வேண்டியதும் இல்லை.

மேலே உள்ளதே கீழும் என்பதற்குப் போடும் இரட்டைக் கோடு, வெற்றுக் கட்டம், சிறு கோடு மூன்றையும் தவிருங்கள். குலை அனுப்பவில்லை என்றால் 0 என்று எழுதுங்கள். விலை எல்லாருக்கும் ஒன்றே என்றால் அதை அட்டவணைக்கு மேலே ஒரு வாக்கியமாகச் சொல்லிவிட்டு அந்த நெடுவரிசையையே எடுத்துவிடலாம்.

பாக்கி உள்ளவர்களைச் சிவப்பில் காட்டியிருக்கிறீர்கள். திரைவாசிப்பான் வழக்கமான அமைப்பில் வண்ணத்தைச் சொல்லாது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் அது தெரியாது. சொல்லால் எழுத வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: ஒருவர் கடன்பாக்கி ஊருக்கே தெரியும்படி பொதுத்தளத்தில் ஏன் இருக்க வேண்டும்? அடையாள அட்டை எண்களும் அதே பக்கத்தில் இருக்கின்றன. 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் இது ஆபத்தான பழக்கம். அடையாள அட்டை எண் நெடுவரிசையை இன்றே நீக்குங்கள். பாக்கியை அவரவருக்குத் தனியாக அனுப்புங்கள். பெயரும் வேண்டுமா, உறுப்பினர் எண் போதுமா என்பதைச் செயலவையில் பேசி முடிவெடுங்கள்.

மொழி பற்றியும் ஒன்று. பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்று குறிக்கப்பட்டிருப்பதால் உங்கள் தமிழ்த் தலைப்புகள் மாமாவுக்குச் சிதைந்து கேட்கலாம். வேர்ட்பிரஸ் அமைப்பில் தள மொழியைத் தமிழாக்குங்கள். மலாய்ச் சொற்றொடர் வரும் இடங்களில் ‘லாங்’ (lang) பண்பில் மலாய் என்று குறிக்கலாம். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் இரண்டு மொழியையும் பேசும்.

பிடிஎஃப், எக்செல், வாட்ஸ்அப்

உங்கள் பிடிஎஃப் ஏன் உதவவில்லை என்றால், அதை ‘பிரின்ட்’ வழியாக எடுத்திருக்கிறீர்கள். அப்படி எடுத்தால் அமைப்புக் குறிகள் எல்லாம் உதிர்ந்துவிடும். ‘சேவ் ஆஸ்’ வழியாகப் பிடிஎஃப் ஆக்கி, அதன் விருப்பங்களில் அணுகல்தன்மைக்கான ஆவண அமைப்புக் குறிகள் என்பதைத் தேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படியும் கிடைவரிசைத் தலைப்பு சரியாக வருவது அரிது. ஆகவே பிடிஎஃப்பை அச்சுக்கு வைத்துக்கொண்டு, படிப்பதற்கு இணையப் பக்கத்தையே தாருங்கள்.

எக்செல் கோப்பையே மாமா கேட்டால் கொடுங்கள். ஏ1 கட்டத்தில் தொடங்கி, இணைத்த கட்டமும் வெற்று வரிசையும் இல்லாமல், கன்ட்ரோல்+டி (T) விசையால் அட்டவணையாக்கி, தலைப்பு உண்டு என்ற பெட்டியில் குறியிட்டால் போதும்.

வாட்ஸ்அப் குழுவில் படத்துக்குப் பதிலாகப் பக்கத்தின் இணைப்பைப் போடுங்கள். படத்துக்கு மாற்று விளக்கம் எழுதி ஒப்பேற்றவும் முடியாது. அறுபது வரியை ஒரே மூச்சில் கேட்டு யாரும் தன் வரியைப் பிடிக்க முடியாது. கைப்பேசியில் அட்டவணை அகலமாக இருந்தால் இடவலமாக நகரும் பெட்டிக்குள் வையுங்கள். கட்டங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும் தீம் வசதியை அணைத்துவிடுங்கள். சில உலாவிகளில் அது அட்டவணைத் தன்மையையே அழித்துவிடும்.

நீங்களே கேட்டுப் பாருங்கள்

என்விடிஏ இலவசம், உங்கள் அலுவலகக் கணினியிலும் போடலாம். அதன் கருவிகள் மெனுவில் பேச்சுப் பார்வை என்ற சாளரம் உண்டு. பேசுவதெல்லாம் அதில் எழுத்தாக ஓடும். பக்கத்தைத் திறந்து ‘டி’ (T) விசையைத் தட்டுங்கள். அட்டவணைக்குப் போய் அதன் பெயரையும் எத்தனை வரிசை, எத்தனை நெடுவரிசை என்பதையும் சொல்ல வேண்டும். ‘டி’ அட்டவணையைக் கண்டுபிடிக்காவிட்டால், தலைப்புக் குறி இல்லாததால் அது வெறும் பக்க வடிவமைப்புக் கட்டம் என்று கருதப்பட்டிருக்கலாம். பிறகு கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்பை அழுத்துங்கள்: உறுப்பினர் எண் மாறிமாறி வர வேண்டும். வல அம்பை அழுத்துங்கள்: நெடுவரிசைத் தலைப்பு வர வேண்டும். பேச்சு நிற்க கன்ட்ரோலை மட்டும் தட்டுங்கள்.

உங்களுக்குச் சரியாகக் கேட்ட பிறகு மாமாவிடம் கொடுங்கள். ‘நல்லா இருக்கா மாமா?’ என்று கேட்டால் மரியாதைக்கு நல்லா இருக்கு என்றுதான் சொல்வார். ‘உங்க பிற்பாதி எடை எவ்வளவு? உரக்கடன் எவ்வளவு பிடிச்சிருக்கு?’ என்று கேளுங்கள். யார் உதவியும் இல்லாமல் அவர் பதில் சொன்னால் அட்டவணை சரி. தடுமாறினால் எந்த இடத்தில் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் டாக்பேக்கிலும் அதே கேள்விகளை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே மாதிரி நடக்காது.

பழைய மாதங்கள் எல்லாவற்றையும் இப்போதே திருத்தி மாய வேண்டாம். இந்த நிதியாண்டின் பக்கங்களை மட்டும் மாற்றுங்கள்; அதற்கு முந்தையவற்றை மாமா கேட்கும்போது ஒவ்வொன்றாகச் செய்து கொடுக்கலாம். ஆண்டுக் கூட்டத்துக்கான கணக்கறிக்கையைத் தள்ளிப்போடாதீர்கள். அதில் வரவு செலவு, லாப ஈவு அட்டவணைகள் வரும், அவற்றின்மேல் மாமாவும் கையை உயர்த்தி வாக்களிக்க வேண்டும். மற்ற உறுப்பினர்களுக்கு அறிக்கை போகும் அதே நாளில், இதே முறையில் அமைத்த பக்கத்தின் இணைப்பு அவருக்கும் போகட்டும்.